மணிக்கட்டில் ஒரு குத்து

நாடி பிடித்துப் பார்த்தால் சந்தோஷமாகக் கையை நீட்டுகிற ஜனங்கள், அதே நாடியில் ஊசி இறக்க நான் வந்தால் மட்டும் கையைப் போர்வைக்குள் ஒளித்துக்கொள்வார்கள். பினாங்கில் ஒரு மருத்துவமனையின் நுரையீரல் வார்டில் நான் டாக்டர். மூச்சுத் திணறி வருகிறவர்களின் தமனியிலிருந்து ரத்தம் எடுத்து, அதில் ஆக்சிஜன் எவ்வளவு, கரியமிலவாயு எவ்வளவு என்று பார்ப்பது தினசரி வேலை. சாதாரண ரத்தப் பரிசோதனையைவிட இது வலிக்கும். குத்து வாங்கியவர்களும் சரி, குத்தும்போது கை நடுங்கியவர்களும் சரி, எல்லாரும் என் கட்சிதான்.

முதல் ஆள்

சூலியா தெருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் காதர் அண்ணன்தான் நான் முதன்முதலில் குத்திய மனிதர். விரலுக்கடியில் நாடி நன்றாகத் துடித்தது. ஊசி உள்ளே போனதும் எங்கோ நழுவிவிட்டது. இரண்டு தடவை தோற்றேன். வியர்த்தது எனக்கு, அவர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

மூன்றாவது தடவை, நான் இழுக்காமலேயே, பளிச்சென்ற சிவப்பு ரத்தம் ஊசிக்குழாயில் துடிதுடித்து ஏறியது. எனக்கு எழுந்து ஆடலாம் போலிருந்தது. பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே மன்னிப்புக் கேட்டேன்.

"பரவால்ல டாக்டரம்மா. நான் மொத மொத ரொட்டி வீசினப்ப அது பக்கத்து மேசைக்காரர் தலையில போய் விழுந்துச்சு. நீங்க என் கையிலதானே குத்துனீங்க!"

சீட்டும் ஆளும்

ஒரு மத்தியானம் ரத்தத்தைச் சோதிக்கும் இயந்திரம் துப்பிய சீட்டை இரண்டு தடவை படித்தேன். வாடகைக்கார் ஓட்டும் முனியாண்டி அண்ணனின் ரத்தத்தில் ஆக்சிஜன் படுபாதாளத்தில் கிடந்தது. ஆக்சிஜன் மாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு, லெட்சுமி சிஸ்டரையும் கூப்பிட்டபடி ஓடினேன்.

முனியாண்டி அண்ணன் ஒரு கையில் கறிபாப் பலகாரத்தோடும் மறு கையில் போனோடும் கட்டிலில் உட்கார்ந்து, கார் பட்டறைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தார். சிஸ்டர் அவர் விரலில் ஆக்சிஜன் அளக்கும் கிளிப்பை மாட்டினார். ஆக்சிஜன் நன்றாகவே இருந்தது. நான் தமனியை விட்டுவிட்டு, ஆக்சிஜன் குறைந்த ரத்தம் ஓடும் பக்கத்துச் சிரையைக் குத்தியிருக்கிறேன்.

"டாக்டர், இந்தச் சீட்டு உண்மைன்னா, அந்தப் பட்டறைக்காரர் இந்நேரம் நிம்மதியா இருந்திருப்பாரு லா" என்றார் சிஸ்டர்.

ஐஸ் பொட்டலம்

எங்கள் வார்டு இயந்திரம் பழுதாகிப்போன அன்று, ரத்த ஊசியை ஐஸ் நிரம்பிய பிளாஸ்டிக் பையில் போட்டு, ரப்பர் வளையம் கட்டிக் கீழ்த்தளப் பரிசோதனைக்கூடத்துக்கு எடுத்துப் போனேன். லிஃப்டில் துப்புரவு வேலை பார்க்கும் சரோஜா அக்கா. ஐஸுக்கு நடுவே தெரிந்த சிவப்பையே ஆசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"ரோஸ் சிராப் தண்ணியா டாக்டர்? இந்த வெயிலுக்கு எனக்கும் ஒரு பாக்கெட் கட்டிட்டு வந்திருக்கலாமில்ல?"

நார்மல்

சிம்பாங் அம்பாட்டிலிருந்து கவிதா வந்தாள். தொழிற்சாலையில் வேலை, கடுமையான ஆஸ்துமா. "மூச்சு… முடியல" என்பதற்குள் இரண்டு தடவை நின்றாள். ரத்தம் எடுத்தேன். சீட்டை எட்டிப் பார்த்த கணவன் சுரேஷின் முகம் மலர்ந்துவிட்டது.

"கரியமிலவாயு நார்மல்னு போட்டிருக்கே டாக்டர், வீட்டுக்குப் போலாமா?"

இல்லை என்று தலையாட்டினேன். அவ்வளவு வேகமாக மூச்சு விடுகிறவளுக்கு அது குறைந்திருக்க வேண்டும். நார்மலாக இருந்தால் உடம்பு களைத்துப்போகிறது, இனி ஏறத் தொடங்கும் என்று அர்த்தம். சுரேஷிடம் அதைச் சொன்னபோது அவன் போய்க் கவிதாவின் கையைப் பிடித்துக்கொண்டான். பெரிய டாக்டரைக் கூப்பிட்டோம். உடனே தீவிர சிகிச்சைக்கு மாற்றினோம். மருந்து ஏறிக்கொண்டே இருந்தது. இடையிடையே நான் போய்க் குத்தினேன். கண்ணை மூடிக்கொண்டு கையை மட்டும் நீட்டினாள். சாயங்காலச் சீட்டில் அந்த எண் இறங்கியிருந்தது. மூச்சும் நிதானப்பட்டிருந்தது. நானும் சுரேஷும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டோம்.

மறுநாள் காலை போனபோது தலையணையில் சாய்ந்து மைலோ குடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் இரண்டு மணிக்கட்டையும் தூக்கிக் காட்டி, எங்கும் நிற்காமல், ஒரே மூச்சில் பொரிந்து தள்ளினாள்:

"என்ன டாக்டர் நீங்க, என் கையச் சல்லடையா ஆக்கிட்டு, வாசல்ல நின்னு பல்லக் காட்டிச் சிரிக்கிறீங்களே, இது உங்களுக்கே நல்லா இருக்கா லா?"

எங்கள் தொழிலில் நன்றி சொல்கிறவர்களைவிடத் திட்டுகிறவர்களைக் கண்டால்தான் சந்தோஷம், திட்டுவதற்கு நிறைய மூச்சு வேண்டுமே.