போடாத ஓட்டு விழுந்த நாள்

மை படாத விரலை அண்ணி தூக்கிக் காட்டிய அந்தக் கணம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. உப்புத் தண்ணீர் அரித்து வெடித்துப்போன விரல். எழுபதுகளில் நடந்த ஒரு தேர்தல். இருபத்தொரு வயது ஆனால்தான் ஓட்டு என்றிருந்த காலம். எனக்கும் என் அண்ணன் மனைவிக்கும் அதுதான் முதல் ஓட்டு. மரக்காணம் உப்பளத்தில் இருவரும் ஒரே முதலாளியிடம் வேலை பார்த்தோம். அவர் கைகாட்டும் சின்னத்துக்குத்தான் உப்பளத்து ஓட்டு, யாரும் மறுத்ததில்லை. அன்று எல்லோரையும் ஏற்றிப்போக லாரி வந்தது. அண்ணி ஏறவில்லை. அதனால் நானும் ஏறவில்லை. வெயிலில் நடந்தே போனோம்.

பள்ளிக்கூடத்து வாக்குச்சாவடியில் கட்சி ஏஜென்டாக உட்கார்ந்திருந்தவர் எங்கள் உப்பளத்து மேஸ்திரி. அண்ணி பெயரைச் சொன்னதும் தலை நிமிராமலே, "அந்த ஓட்டு அப்பவே விழுந்துடுச்சி. போம்மா" என்றார். லாரியில் வராதவள் ஓட்டை வேறு யாரையோ வைத்துப் போட்டுவிட்டார்கள்.

அண்ணி நகரவில்லை. கையை வாக்குச்சாவடி அதிகாரியின் முகத்துக்கு நேரே நீட்டினார். "நான் போட்டிருந்தா வெரல்ல மை எங்க சார்?"

"ஏம்மா, நாளைக்கு வேலைக்கு வரணுமா வேணாமா?" என்றார் மேஸ்திரி, மெதுவாக. அந்த வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது; அது என்னைவிட அண்ணிக்கு நன்றாகத் தெரியும்.

"அத நாளைக்குப் பேசிக்கலாம். இன்னிக்கு என் ஓட்டக் குடுங்க."

அதிகாரி அண்ணியிடம் கணவர் பெயர், தெரு எல்லாம் விசாரித்துவிட்டுத் தனியாக ஒரு வாக்குச்சீட்டை எடுத்தார். "இதப் பெட்டியில போட முடியாதும்மா. கவர்லதான் வெப்போம். கேஸ் நடந்து கோர்ட் கேட்டாதான் எண்ணுவாங்க."

"எண்ணலன்னா போவுது சார். நான் வந்தேன்னு தெரியட்டும்."

அடுத்தது என் முறை. மேஸ்திரி என்னையே பார்த்தார். பெயரைச் சத்தமாகச் சொன்னேன். என் ஓட்டு அதுவரை தப்பித்திருந்தது.

மறுநாள் எங்கள் இருவருக்கும் உப்பளத்தில் வேலை இல்லை. பக்கத்து ஊரான அனுமந்தையில் கருவாடு வாங்கித் தலைச்சுமையாக ஊர் ஊராக விற்றோம். ஜெயித்தது முதலாளி சொன்ன சின்னம்தான். இன்று என் பேத்தி பதினெட்டு வயதில் ஓட்டுப் போட்டுவிட்டு போட்டோ எடுத்துக்கொள்கிறாள். மிரட்டுவதற்கு அங்கே யாருமில்லை.

நாங்கள் நடந்தே போன அந்தத் தேர்தலுக்கு அடுத்த தேர்தலில் விடிந்தும் விடியாமலும் அண்ணியும் நானும் கிளம்பினோம். வாக்குச்சாவடிக் கதவு இன்னும் திறக்கவில்லை. தங்கள் ஓட்டை வேறு யாரும் போட்டுவிடக்கூடாது என்று உப்பளத்து இளம்பெண்கள் ஏற்கெனவே வாசலை அடைத்து நின்றிருந்தார்கள்.

"பாத்தியா, நமக்கு முன்னாடியே வந்துட்டாளுங்க!" என்றார் அண்ணி.