எந்த வேலை கொடுத்தாலும் செய்வேன்

ஜெர்மனிக்கு வந்து எட்டு மாதமாகிறது. இன்னும் பேராசிரியர் ஆய்வகத்துக்குள் நுழைந்தால் என் கால்கள் தாமாக எழுந்து நின்றுவிடுகின்றன. மற்றவர்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. "ஏதாவது வேண்டுமா?" என்கிறார். "ஒன்றுமில்லை மேடம்." "கிறிஸ்டா" என்று திருத்துகிறார். அந்தப் பெயர் மட்டும் என் வாயில் வரமாட்டேன் என்கிறது.

எல்லையோரக் கிராமமான கோபிநத்தத்திலிருந்து மைசூருக்குக் கட்டட வேலைக்கு வந்தவர் அப்பா. கொத்தனார் ஆவதற்கு முன்னால், தினமும் காலையில் கூலியாட்கள் கூடும் சர்க்கிளில் மேஸ்திரி முன் நின்று, "எந்த வேலை குடுத்தாலும் செய்வேனுங்க" என்பார். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். வேலை கேட்க எனக்குத் தெரிந்த ஒரே வாக்கியமும் அதுதான். மல்பெரி இலையில் வரும் பூஞ்சையை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கியதும், ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களுக்கெல்லாம் அதையே ஆங்கிலத்தில் எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன். ஓராண்டு கழித்து ஒரே ஒருவர் வீடியோ நேர்காணலுக்கு அழைத்தார். அவர்தான் கிறிஸ்டா மேடம்.

"என் கட்டுரையில் எது தவறு என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டார். தவறு ஒன்று இருந்தது. குளிர்நாட்டில் இலை ஈரமாக இருக்கும் நேரத்தை வைத்து, பூஞ்சை பரவும் வேகத்துக்கு அவர் போட்ட கணக்கு எங்கள் ஊர் வெயிலுக்குப் பொருந்தாது. கட்டுரையின் ஓரத்தில் பென்சிலால் குறித்தும் வைத்திருந்தேன். ஆனாலும், "எல்லாம் சரியாக இருக்கிறது மேடம்" என்றேன். மரியாதை என்றுதான் நினைத்தேன். அவர் முகம் வாடிவிட்டது. நன்றி சொல்லி முடித்துக்கொண்டார்.

சாயங்காலம் கைகால் கழுவிக்கொண்டே அப்பா கேட்டார்.

"என்ன கேட்டாங்க கண்ணு?"

சொன்னேன்.

"ஹௌதா, அப்பிடியா? தப்பு இருந்துச்சா இல்லியா?"

"இருந்துச்சுப்பா. சுவரு கோணலுன்னு நீங்க மேஸ்திரிகிட்ட சொல்வீங்களா?"

"நா எதுக்குச் சொல்றேன்? மறுநாளே வேற ஆளக் கூப்புட்டுக்குவான். ஆனா என்னைய எந்த மேஸ்திரிடா கேட்டான்? அந்தம்மா வாயத் தொறந்து கேட்டிருக்குது. உனக்கு வாயில என்ன கொழுக்கட்டையா?"

அந்தப் பென்சில் குறிப்பை அப்போதே தட்டச்சு செய்து அனுப்பினேன். "இதை ஏன் நேற்றே சொல்லவில்லை?" என்று மறுநாள் பதில் வந்தது. வேலை கிடைத்தது அதனால்தான்.

இப்போது திங்கட்கிழமைக் கூட்டங்களில் அவர் தவறை அவரிடமே சொல்கிறேன். எழுந்து நின்றுதான் சொல்கிறேன், சிரிக்கிறார்கள். ஒப்பந்தம் இரண்டே வருடம். அடுத்த இடத்துக்கு இப்போதே எழுதத் தொடங்கிவிட்டேன். அது எந்த நாடாக இருக்குமோ தெரியாது. மைசூராக இருக்காது என்பது மட்டும் தெரியும்.

போன சனிக்கிழமை அப்பா வீடியோவில் அழைத்தார். யாரோ கட்டுகிற வீட்டின் இரண்டாம் மாடி. பின்னால் சாமுண்டி மலை.

"நா எழுப்புன சுவரு. நேரா இருக்குதா, கோணலா? நெசத்த மேடத்துக்கு மட்டுந்தான் சொல்வியாக்கும்?"

உற்றுப் பார்த்தேன். சுவர் சாய்ந்திருந்ததா, போனைப் பிடித்த கை சாய்ந்திருந்ததா, சொல்ல முடியவில்லை. கை லேசாக நடுங்கியது. போன வருடம் அது நடுங்கியதாக எனக்கு நினைவில்லை.

"கிட்ட நின்னு பாத்தாத்தான்பா தெரியும்" என்றேன்.

அப்பா போனைச் சுவருக்கு இன்னும் கிட்டே கொண்டுபோனார்.