கழிப்பறை வரைகிறவள்

எங்கள் ஆர்க்கிடெக்ட் ஆபீசில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதலில் கழிப்பறைதான் கொடுப்பார்கள். டைல் எங்கே தொடங்க வேண்டும், தண்ணீர் எந்தப் பக்கம் வடிய வேண்டும், கதவைத் திறந்தால் வாஷ்பேசினில் இடிக்குமா என்று பார்த்துப் பார்த்து வரைய வேண்டும். பெரிய கல்லூரியில் படித்தவர்கள் சீக்கிரமே வரவேற்பறை, முகப்பு என்று நகர்ந்துவிடுவார்கள். இப்போதைய முதலாளி என்னைவிட இளையவர். அவரும் பக்கத்து மேஜையில் கழிப்பறை வரைந்தவர்தான். நான் வெறும் டிப்ளமோ, ஆரியசாலையில் மிளகாய் மண்டி வைத்திருந்த வீட்டுப் பெண். தலை நரைத்தும் கழிப்பறை என்னை விடவில்லை. "சேச்சி வரைஞ்சா லீக்கே வராது" என்று பாராட்டியே அங்கே உட்கார வைத்துவிட்டார்கள். அந்தப் பாராட்டைக் கேட்டாலே அலுப்பாக இருக்கிறது.

அப்போதுதான் என் சித்தப்பா, விழிஞ்ஞம் போகிற வழியில் வீடு கட்ட எங்கள் ஆபீசுக்கே வந்தார். முதலாளி சார் ஒரு ஹோட்டல் வேலையில் மூழ்கியிருந்ததால் முழு வீட்டையும் என்னையே வரையச் சொல்லிவிட்டார். அன்று பஸ்ஸில் எனக்கு வெட்கமில்லாமல் சிரிப்பு வந்தது. முழு வீடு!

ஒரு வருடத்துக்கு மேல் இழுத்தது. மாடிப்படி திரும்புகிற இடத்தில் ஒரு ஜன்னல் வைத்தேன். அங்கே நின்றால் கடல் ஒரு கோடாகத் தெரியும். வாஸ்து பார்க்கிறவர் வந்து சுற்றளவு பொருந்தவில்லை என்றார். எல்லாச் சுவரையும் நகர்த்தி மறுபடி வரைந்தேன். சித்தி சமையலறையை மாற்றிக்கொண்டே இருந்தாள். சைட்டில் ஏறி இறங்கி என் முட்டி போயிற்று. சார் ஒரு நாள் வந்தார், கேட்டருகே நின்று போனில் பேசிவிட்டுப் போனார்.

பால் காய்ச்சும் நாளில், வீட்டை உண்டாக்கியவர்களுக்கு மரியாதை செய்வார்கள். வரைந்தவருக்குப் பொன்னாடை, ஆசாரி, மேஸ்திரி எல்லோருக்கும் புதுவேட்டி. அந்தப் பொன்னாடைக்கு நான் ஆசைப்பட்டேன், மூடி மறைப்பானேன். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தேன்.

சித்தப்பா மைக்கில் சாரைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார். எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். பிறகு ஆசாரி, மேஸ்திரி, பெயிண்டர் என்று வேட்டிகள் போய்ச் சேர்ந்தன. கடைசியில் சித்தப்பா என்னிடம் வந்தார்.

"இங்க எதுக்கு இருக்கே? உள்ள பாயசம் விளம்ப ஆளில்ல, கேட்டியா?"

"சித்தப்பா, வீட்டை வரைஞ்சது நானாக்கும்."

"எனக்குத் தெரியாதா? நீ நம்ம வீட்டுப் பொண்ணுல்லா, உனக்குப் போயி பொன்னாடையா!"

அன்போடுதான் சொன்னார். அதனால் சண்டை போடவும் வழியில்லை. எழுந்து போய், வாளியை எடுத்துப் பந்தியில் பாயசம் விளம்பினேன்.

பந்தி முடிகிற நேரம். வாளியும் கையுமாக நான் நின்றிருந்தபோது, சார் தோளில் பொன்னாடையோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். இவராவது ஒரு வார்த்தை சொல்வார் என்று நினைத்தேன். அவர் குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில், "சேச்சி, ஈ வீட்டில் பாத்ரூம் எவிடெயா?" என்றார்.

மாடிப்படிக்குக் கீழே, இடது பக்கம் என்றேன். சுவிட்ச் வெளியே இருக்கிறது என்பதையும் சொன்னேன்.