புறங்கை

என் மனைவி கிணற்றடியில் வழுக்கி விழுந்து முழங்கால் சிரட்டையை உடைத்துக்கொண்டாள். யாழ்ப்பாணத்து ஆசுப்பத்திரியில் கம்பி வைத்துக் கட்டினார்கள். பிறகு ஆறு கிழமை, ஒன்றரை மாசம், பிளாஸ்டர். பிளாஸ்டரை வெட்டியபோது உள்ளே இருந்தது அவளுடைய கால் இல்லை, சீக்கு வந்த கோழியின் கால். அவளும் பார்த்தாள், நானும் பார்த்தேன்.

அங்கே உடற்பயிற்சி காட்டும் பிசியோ மிஸ் ஒருவர் இருந்தார். எங்கள் மூத்தவளின் வயதுதான் இருக்கும். ஒரு துவாய்த் துண்டைச் சுருட்டி மனைவியின் முழங்காலுக்குக் கீழே வைத்தார்.

"அம்மா, முழங்காலால துவாயைக் கீழ அமத்துங்கோ. கால் அசையக் கூடாது. தொடை மட்டும் இறுகோணும். பத்து எண்ணி முடியுமட்டும் விடக் கூடாது."

பிறகு என்னைப் பார்த்தார். "ஐயா, நீங்கள் தொடையில கையை வைச்சுப் பாத்துச் சொல்லுங்கோ. இறுகுதோ இல்லையோ எண்டு இப்ப அவவுக்கே விளங்காது. உங்கட கைக்கு விளங்கும்."

எனக்கு அதில் துளிகூட நம்பிக்கை இல்லை. நான் கடற்தொழில்காரன். முப்பது வருசமாகக் கயிறு இழுத்தவன். இழுத்தால் வலை வர வேண்டும், தள்ளினால் வள்ளம் போக வேண்டும். ஒன்றுமே அசையாத வேலைக்கு எங்கள் பக்கத்தில் வேறு பெயர் இருக்கிறது. படுத்துக் கிடந்து பலம் வருமென்றால் ஊரில் அரைவாசிப்பேர் பயில்வான்கள்.

வழி முழுக்க இப்படிச் சொல்லிக்கொண்டு வந்த என் வாய், எங்கள் நெடுந்தீவு இறங்குதுறைக்கு வந்து சேர்ந்தபோது அடங்கியது. கச்சான் காற்றுக்குப் படகு துள்ளிக்கொண்டிருந்தது. மனைவியைப் பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி நாலு பேர் தூக்கினோம். "பிடி பிடி, அந்தப் பக்கம் சரியுது" என்று ஆளாளுக்குக் கத்தி, ஐஸ் பெட்டி இறக்குவதுபோல் அவளை இறக்கினோம். கரையில் நின்ற சனமெல்லாம் பார்த்தது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் வாய் திறந்தாள். "அடுத்த கிளினிக்குக்கு ஒருக்காத் தூக்குங்கோ. அதோட சரி. பிறகு நான் என்ர காலால வள்ளம் ஏறுவன். ஏலாட்டி இந்தத் தீவிலயே கிடந்து சாவன்."

அவள் சொன்னால் செய்கிறவள். எனக்குப் பயம் பிடித்தது. வள்ளம் ஏறுகிறவர்களுக்குத் தெரியும், ஒரு கால் துறையிலும் ஒரு கால் படகின் விளிம்பிலுமாக இருக்கிற அந்தக் கணத்தில் முழுப் பாரமும் ஒற்றைக் காலில் வரும். கையைப் பிடிக்கலாம், முதுகைத் தாங்கலாம், அந்தக் காலுக்குப் பதிலாக இன்னொருவரின் காலை வைக்க முடியாது. மருந்து வாங்க, பிள்ளை வெளிநாட்டிலிருந்து வந்தால் கூட்டி வர, ஒரு செத்தவீட்டுக்குப் போக, எல்லாவற்றுக்கும் நாங்கள் அந்தக் கணத்தைத் தாண்ட வேண்டும்.

அடுத்த நாள் காலையில் தொடங்கினோம். அவள் கட்டிலில் காலை நீட்டிப் படுத்தாள். சுருட்டிய துவாயை வைத்தேன். அவளுடைய சோட்டிச் சட்டைக்கு மேலால் தொடையில் என் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. அவளுடைய நெற்றியில் வேர்வை வந்தது. பல்லைக் கடித்தாள். என் கைக்குக் கீழே ஒன்றும் நடக்கவில்லை.

"இறுகுதோ?"

"இன்னும் ஒருக்காச் செய்யும்."

ஒரு நாளைக்கு ஐந்து தரம், தரத்துக்குப் பத்து முறை. இரண்டாம் நாளும் ஒன்றுமில்லை. மூன்றாம் நாளும் ஒன்றுமில்லை. துவாய்க்குப் பதிலாகத் தலையணையை வைத்துப் பார்த்தேன். கையை மேலே வைத்தேன், கீழே வைத்தேன், இன்னும் அழுத்தினேன். நான் கோபக்காரன். ஆனால் யாரைக் கோபிப்பது? வெளியே போய், தீவில் அலையும் காட்டுக் குதிரைகள் தட்டி விழுத்தியிருந்த கல்வேலியை மத்தியான வெய்யிலில் நின்று அடுக்கினேன். ஒவ்வொரு கல்லையும் தூக்கும்போது, இந்தப் பலத்தில் கொஞ்சத்தை அந்தக் காலுக்குக் கொடுக்க வழியில்லையே என்று அழுகை வந்தது.

நாலாம் நாள் பத்து எண்ணி முடிய அவள் என்னைப் பார்த்தாள். இந்த முறை கேட்கக்கூட இல்லை. அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

"ஓம், இறுகுது" என்றேன்.

"உண்மையாவோ?"

"சின்னனாத்தான். ஆனா இறுகுது."

அவள் சிரித்தாள். விழுந்த நாளுக்குப் பிறகு அவள் சிரித்ததை அன்றைக்குத்தான் கண்டேன். அன்று சோறும் ஒழுங்காகத் தின்றாள்.

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல் என்பார்கள். நான் தேவைக்கு மேலேயே பொருந்தச் சொன்னேன். "நேற்றையிலும் இண்டைக்குத் திறம்" என்றேன். "இந்தப் பக்கம் நல்லாப் பிடிக்குது" என்றேன். அவள் பத்தைப் பதினைந்தாக்கினாள், பிறகு இருபதாக்கினாள். நான் எண்ணிக்கொண்டே இருந்தேன், என் கை பலகையில் வைத்ததுபோல் கிடந்தது. கிளினிக் நாள் நெருங்கியது. அந்த மிஸ் கையை வைப்பார், இல்லை என்பார், அவள் என் முகத்தைப் பார்ப்பாள். அந்தோனியார் கோயிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்தினேன். என்ன கேட்பதென்று தெரியாமல் சும்மா நின்றுவிட்டு வந்தேன்.

கிளினிக் நாள் வந்தது. மறுபடி கதிரை, மறுபடி நாலு பேர், மறுபடி மூடிய கண். ஆசுப்பத்திரியில் அந்த மிஸ் அவளைப் படுக்க வைத்து, துவாயை வைத்து, தொடையில் இரண்டு விரலை மெல்ல வைத்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அட, நல்லா இறுகுதே அம்மா. வடிவாச் செய்திருக்கிறியள்."

என் வாய் என்னைக் கேட்கவில்லை. "உண்மையாவோ மிஸ்?" என்று கேட்டுவிட்டேன்.

மனைவி என் பக்கம் தலையைத் திருப்பினாள்.

மிஸ்ஸுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஏன் ஐயா, உங்களுக்குத் தெரியேல்லையோ?" என்று என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு சிரித்தார். என் உள்ளங்கை காய்த்துத் தடித்தது. அதில் எரிகிற சுருட்டை அழுத்தி நூர்க்கலாம், சுடாது என்று மனைவி முந்திப் பகிடி பண்ணுவாள். "இந்தக் கையால என்னண்டு தெரியும்? அதுக்குள்ள அமத்தியும் பிடிச்சிருப்பியள். புறங்கையை வையுங்கோ. மெல்ல."

புறங்கையை வைத்தேன். மனைவி முழங்காலை அமத்தினாள். தோலுக்குக் கீழே ஏதோ ஒன்று ஒடுங்கித் திரண்டு கெட்டியாகி, அப்படியே நின்றது. கால் அசையவில்லை. நான் அழுதேன், அந்த மிஸ்ஸுக்கு முன்னாலேயே அழுதேன். மனைவி அழவில்லை. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குறிகட்டுவான் துறையில் அவளைத் தூக்கிப் படகேற்றிக் கொண்டுவந்தோம். வீட்டுக்கு வந்து கட்டிலில் சாய்ந்த பிறகு கேட்டாள்.

"எப்ப தொடக்கம்?"

"நாலாம் நாள் தொடக்கம்."

"ஒரு நாளும் உங்களுக்குத் தெரியேல்லை?"

"இல்லை. நீர் மனம் விட்டிடுவீர் எண்டு பயந்தனான். ஆனா பாருமன், நான் சொன்னது உண்மையாத்தானே இருந்தது."

"அது என்ர கால் செய்த வேலை. நீங்கள் சொன்னது பொய்." அவள் குரலை உயர்த்தவில்லை. "இந்தக் காலில எனக்கு ஒண்டும் தெரியேல்லை. உங்கட வாயை நம்பித்தான் இவ்வளவு நாளும் பிடிச்சனான். இனி நீங்கள் சரி எண்டு சொன்னா, நான் என்னத்தை நம்பி வள்ளத்தில காலை வைக்கிறது?"

நான் துவாயை மடித்துத் தலைமாட்டில் வைத்தேன்.

அதற்குப் பிறகு அவள் என்னைக் கூப்பிடவில்லை. தானே துவாயைச் சுருட்டி வைத்து, தன் கையைத் தொடையில் வைத்து, தானே எண்ணினாள். நான் குசினியில் தேத்தண்ணி போட்டுக்கொண்டு அந்த எண்ணிக்கையைக் கேட்டேன். அவள் எண்ணும்போது என் தொடையும் தன்பாட்டில் இறுகும். அதனால் ஒருவருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை. கறிக்கு உப்புக் காணுமோ என்று அவள் கேட்க, காணும் என்று நான் சொன்னால், ஒரு சொட்டு எடுத்துத் தானே நக்கிப் பார்ப்பாள். இரண்டு கிழமை அப்படிப் போனது.

ஒரு பின்னேரம் "இஞ்ச வாங்கோ" என்று கூப்பிட்டாள். போனேன். என் கையைப் பிடித்தாள், திருப்பினாள், புறங்கைப் பக்கமாகத் தன் தொடையில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு பல்லைக் கடித்தாள்.

"இறுகுதோ?"

ஒன்றுமில்லை. நான் மூச்சையும் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். தோலுக்குக் கீழே ஒன்றுமே இல்லை. என் கை மறுபடி மோசம் போய்விட்டதோ, அல்லது கால்தான் செத்துவிட்டதோ என்று நினைத்தேன். 'ஓம்' என்ற சொல் நாக்கு நுனியில் வந்து நின்றது. அதைச் சொன்னால் அவள் சிரிப்பாள் என்று எனக்குத் தெரியும்.

"இல்லை" என்றேன். "எனக்கு ஒண்டும் தெரியேல்லை."

அவள் கண்ணைத் திறந்தாள்.

"ஓம்," என்றாள். "நான் இறுக்கேல்லை."

பிறகு துவாயைச் சரிபண்ணி, முழங்காலை அதன்மேல் வைத்து, என் புறங்கையை விடாமல் பிடித்துக்கொண்டு சொன்னாள், "இப்ப எண்ணுங்கோ."