பொருந்தாத விரல்ரேகை

ஏழை வீடுகளுக்கு அரசே காப்பீட்டுக் கட்டணம் கட்டி, மருத்துவ அட்டை கொடுக்கத் தொடங்கிய வருடம் அது. எங்கள் குப்பத்துப் பள்ளிக்கூடத்தில் நடந்த முகாமுக்கு மாமனார் மாமியாரை நான்தான் அழைத்துப்போனேன். நல்ல கூட்டம். இருவரையும் படம் எடுத்து, விரல்ரேகை பதிந்து, கையோடு அட்டையையும் கொடுத்துவிட்டார்கள்.

சில மாதங்களில் அத்தைக்குக் குடலிறக்கம் என்று தெரிந்தது. மீன் கூடையைத் தூக்கவே முடியவில்லை. கோரிமேடு பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். அன்று காலை, அட்டையைச் சரிபார்க்கும் விரல்ரேகைக் கருவியில் அத்தை விரலை வைத்தால் அது ஏற்கவில்லை. துடைத்துவிட்டு மறுபடி வைத்தும் பலனில்லை.

“மீன் அரிஞ்சே ரேகை தேஞ்சுபோச்சு போல. வூட்டுக்குப் போயிடலாம்மா” என்றார் அத்தை.

மாமாவோ அந்தக் கருவியையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். “எப்புடித்தான் ஆளக் கண்டுபிடிக்குது இது? நானும் வச்சிப் பாக்கட்டுமா சார்?” என்று கேட்டார். ஊழியர் சிரித்துக்கொண்டே சரி என்றார். மாமா விரலை வைத்ததும் திரையில் அத்தையின் படம் வந்தது.

முகாமில் இருவர் ரேகையையும் மாற்றிப் பதிந்திருக்கிறார்கள். ஊழியரே அட்டை அலுவலகத்துக்குப் போன் செய்து விளக்க, மதியம் அனுமதி கிடைத்தது. அத்தை நலமாக வீடு திரும்பினார்.

அட்டையைப் புதுப்பிக்கப் போனால், இப்போதெல்லாம் ஒவ்வொருவரையும் அங்கேயே விரல் வைக்கச் சொல்லி, அவரவர் முகம் திரையில் வருகிறதா என்று பார்த்த பிறகே கிளம்புகிறேன். மாமா மட்டும் இரண்டு முறை வைத்துப் பார்ப்பார்.