போயிட்டு வாறன்

கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் மாறி வெள்ளவத்தைக்கு வந்து சேர்வதற்குள் ரொஷேல் மிஸ்ஸுக்குப் பாதி உயிர் போய்விடும். மீதி உயிர் அங்கே டியூட்டரி என்ற தனியார் வகுப்பில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் படிப்பிப்பதில் போகும். இருபது வருடமாக இலக்கணம் என்ற அரைத்த மாவையே அரைத்துச் சலித்து, இந்த வருடம் வகுப்புக்கு ஒரு ஆங்கிலக் கதையைக் கொடுத்து எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்தாள். ஒருவர் கேள்வி கேட்க வேண்டும், ஒருவர் கடினமான சொல்லுக்குப் பொருள் தேட வேண்டும், ஒருவர் கதையைத் தன் வாழ்க்கையோடு சேர்த்துப் பேச வேண்டும். எல்லாம் ஆங்கிலத்தில். வாயைத் திறந்தால்தானே!

"இண்டைக்கும் இவை இங்கிலீஷில கதைக்காட்டி, திங்கள்ல இருந்து பழையபடி கிராமர்தான் மிஸ்," என்று சொல்லிவிட்டு டியூட்டரி முதலாளி சந்திரகுமார் வாசலிலேயே நின்றுகொண்டார். ரொஷேலுக்குக் கோபம்கூட வரவில்லை. இன்னொரு தோல்வியைத் தாங்கத் தெம்பில்லை, அவ்வளவுதான்.

இன்றைய கதையில் லண்டன்காரன் ஒருவன் காலையில் மனைவியிடம் "ஐம் கோயிங்" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு போகிறான்.

ஒருகொடவத்தை கொண்டெய்னர் யார்டில் கிளார்க்காக இருக்கும் ஜீவராஜ் நிமிர்ந்தான். "மிஸ், ஹி லீவ் ஹிஸ் வைப்."

"வை?" என்று காரணம் கேட்டாள் ரொஷேல்.

"ஹி நொட் ஸே கோ அண்ட் கம்."

மனைவியை விட்டுவிட்டுத்தான் போகிறான் என்று வகுப்பே தலையாட்டியது. போயிட்டு வாறன் என்று சொல்லாமல் எந்த மனிதன் வீட்டைவிட்டு இறங்குவான்? அவன் வேலைக்குத்தான் போகிறான் என்று திருத்த ரொஷேல் வாயெடுத்தாள். அதற்குள் பைறோஸா எழுந்து நின்றாள். மருந்துக்கடை வேலைக்காக ஆங்கிலம் படிக்க வந்து, ஆறு மாதமாக "யெஸ் மிஸ்" தவிர ஒன்றும் பேசாதவள். வாழ்க்கையோடு சேர்த்துப் பேசும் முறை இன்று அவளுடையது.

"மை ஹஸ்பண்ட், மிஸ். கோ கட்டார். எயார்போர்ட்ல ஹி ஸே, போறன். ஒன்லி போறன்." கொஞ்ச நேரம் சொல் தேடினாள். "போர் இயர்ஸ். நோ கோல்."

நாலு வருடமாக அவனிடமிருந்து ஒரு தொலைபேசி அழைப்புக்கூட இல்லை என்பது எல்லோருக்கும் விளங்கியது. வாசலில் சந்திரகுமார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"கதையையே பிழையா விளங்கியிருக்கினம் மிஸ். கதைச்சது காணும். திங்கள் கிராமர்."

"சேர்," என்றாள் பைறோஸா அவரைப் பார்த்து. அவள் உட்காரவில்லை. "வெயிட். வீ நொட் பினிஷ்."

எல்லோரும் பக்கத்தைப் புரட்டினார்கள். ரொஷேலும் புரட்டினாள். அந்தப் பக்கத்தில் லண்டன்காரன் அன்று பின்னேரமே வீடு திரும்பி, மனைவியிடம் தேநீர் கேட்கிறான். அதைப் பைறோஸாவுக்கு முன்னால் எப்படி வாசிப்பது?