படத்திலிருந்து ராவுத்தரை எடுக்க ஒரு புத்தகம்

எங்கள் ஊர் நூலகமான வாயனசாலைக்குத் தண்ணீர் மோட்டார் ஒன்று வேண்டும் என்று பஞ்சாயத்தில் கேட்டிருந்தோம். வந்தது ஒரு கம்ப்யூட்டரும் ஒரு டிஜிட்டல் கேமராவும். பாலக்காட்டுப் பக்கம் எல்லையை ஒட்டிய எங்கள் கொழிஞ்சாம்பாறையில் எல்லோர் கையிலும் போன் இருக்கிறது, எல்லாப் போனிலும் கேமரா இருக்கிறது. இருந்தாலும் இது சர்க்கார் கேமரா அல்லவா? கமிட்டி கூடித் தீர்மானம் போட்டது. இவற்றைப் பற்றிய புத்தகங்களை முதலில் வாங்க வேண்டும், வாசிக்க வேண்டும், அதற்குப் பிறகே பெட்டியைப் பிரிக்க வேண்டும். நீச்சல் தெரிந்த பிறகுதான் தண்ணீரில் இறங்குவேன் என்றானாமே ஒருத்தன், அவன் எங்கள் கமிட்டியில் மெம்பராக இருந்திருப்பான். இரண்டு பெட்டிகளும் கயிறு கட்டி அரக்கு வைத்து பீரோவுக்குள் போயின. பீரோச் சாவி என்னிடம் இருந்தது, ஏனென்றால் நான் அங்கே லைப்ரேரியன்.

வாங்க வேண்டியவை மூன்று. கம்ப்யூட்டரின் உள்பாகங்களைப் பற்றி ஒன்று, கேமராவைப் பற்றி ஒன்று, எடுத்த போட்டோவைக் கம்ப்யூட்டரில் திருத்துவது பற்றி ஒன்று. முதல் இரண்டும் எனக்கு எப்படிப் போனாலும் சரி. மூன்றாவது எனக்கு வேண்டும். என் வீட்டுக்காரர் போன பிறகு மாலை போட்டு மாட்ட ஒரு படம் இல்லாமல் வீட்டுச் சுவர் வெறும் சுவராகவே கிடந்தது.

அவர் தேங்காய் வியாபாரி. தோப்புத் தோப்பாகப் போய் ஆயிரம் பேரிடம் பேசுவார், கேமராவைக் கண்டால் மட்டும் வெயில் பட்டதுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆதார் கார்டில் இருக்கும் படம் போலீஸ் ஸ்டேஷனில் ஒட்ட மட்டுமே ஆகும். நன்றாக விழுந்த படம் ஒன்றே ஒன்று, வாயனசாலை ஆண்டுவிழாவில் யாரோ எடுத்தது. வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருப்பார். ஆனால் பக்கத்தில் ராவுத்தர் நிற்பார். அவர் தோளில் என் வீட்டுக்காரர் கை போட்டிருப்பார். ராவுத்தர் வாயில் முழுப் பருப்புவடை ஒன்று பாதி உள்ளே போயும் பாதி வெளியே நின்றும் இருக்கும். இதற்கு மாலை போட முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.

ராவுத்தர் கடைவீதியில் மாட்டுத் தீவனக் கடை வைத்திருப்பவர், வாயனசாலைக்குப் பொருளாளர், என் வீட்டுக்காரருக்குச் சின்ன வயதிலிருந்தே சேக்காளி. என் வீட்டுக்காரர் போன பிறகும் ராவுத்தர் தினமும் பேப்பர் படிக்க வருவார். ஃபேன் போட்டால் பேப்பர் பறக்கிறது என்பார், நிறுத்தினால் வேர்க்கிறது என்பார். எனக்கும் அவருக்கும் ஒரு நாள் சண்டை இல்லாவிட்டால் அன்றைக்கு வாயனசாலை லீவு என்று அர்த்தம்.

முதலில் படத்தைப் பொள்ளாச்சியில் ஒரு ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோனேன். பக்கத்திலிருப்பவரை எடுத்துவிட்டு இவரை மட்டும் தாருங்கள் என்றேன். ஸ்டுடியோக்காரன் தந்தான். ராவுத்தர் இல்லை, சரி. ஆனால் என் வீட்டுக்காரர் கோட்டும் டையும் போட்டுக்கொண்டு ஒரு அருவிக்கு முன்னால் நின்றார். ரோஸ் பவுடர் அடித்த கல்யாணப் பெண்போல வெளுத்திருந்தார். சட்டையின் மேல் பட்டன்கூடப் போடாத மனுஷன்.

“இந்த ஆளு யாருங்க?” என்றேன்.

“உங்க ஊட்டுக்காரருங்கக்கா. நல்லா ரிச்சா பண்ணியிருக்கறனுங்க.”

அவன் தந்ததை அவன் கண்ணெதிரிலேயே கிழித்துப் போட்டுவிட்டு பஸ் ஏறினேன். அன்றைக்கே முடிவு செய்தேன், இந்த வேலையை நானே படித்து நானே செய்வது என்று.

சர்க்கார் கிராண்டில் புத்தகம் எடுப்பது பாலக்காட்டில் நடக்கும் புத்தகச் சந்தையில். எங்கள் வாயனசாலையில் அதற்கு ஒரு முறை உண்டு. பிரசிடெண்ட் ஒரு கட்சி, ராவுத்தர் எதிர்க்கட்சி. இரண்டு பேரும் போக வேண்டும், இரண்டு பேரும் சம்மதிக்கிற புத்தகத்தை மட்டும்தான் வாங்க வேண்டும். சண்டை வராமல் பார்த்துக்கொள்ள நான். ஒருவர் கை வைத்த புத்தகத்தை மற்றவர் வேண்டாம் என்பார். கதைப் புத்தகத்தில்கூட இவர்கள் கட்சி பார்ப்பார்கள். ஒரு சமையல் புத்தகம் அட்டை நிறத்துக்காகவே திரும்பிப் போயிருக்கிறது.

பிரசிடெண்ட் வில்லேஜ் ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசுவார். எந்தப் புத்தகத்தையும் முன்னுரையைத் தேடித்தான் திறப்பார். “அவதாரிக இல்லாத்த புஸ்தகம் சாட்சி ஒப்பு இல்லாத்த பத்திரமாக்கும்” என்பார். ராவுத்தருக்கு அந்தத் தொல்லையெல்லாம் இல்லை. இந்தக் கையில் ஒன்று, அந்தக் கையில் ஒன்று என்று எடுத்துக் கனம் பார்ப்பார். தவிட்டு மூட்டையைத் தூக்கிப் பார்த்தே எடை சொல்கிறவர்.

“இது கனமா இருக்குதுங்க. இதுலதான் விசயம் இருக்கும்.”

கம்ப்யூட்டர் உள்பாகங்களைப் பற்றிய புத்தகம் அப்படித்தான் தேர்வானது. கனமும் இருந்தது, மூன்று பேர் எழுதிய முன்னுரையும் இருந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள். அட்டையிலிருந்த கம்ப்யூட்டர் பழைய டிவி மாதிரி பின்பக்கம் புடைத்துக்கொண்டிருந்ததை நான் மட்டும் பார்த்தேன். சொன்னால் இரண்டு பேரும் சேர்ந்து என்மேல் பாய்வார்கள், எனக்கென்ன என்று இருந்துவிட்டேன்.

கேமராப் புத்தகத்துக்குப் போனோம். கடைக்காரர் நியாயமாக ஒரு கேள்வி கேட்டார். “உங்க கேமரா என்ன மாடலுங்க?”

பிரசிடெண்ட் ராவுத்தரைப் பார்த்தார். ராவுத்தர் என்னைப் பார்த்தார்.

“பெட்டி இன்னும் பிரிக்கலீங்க” என்றேன்.

“ஏனுங்க?”

“புஸ்தகம் வாசிக்காத பிரிக்கப் பாடில்லன்னு தீருமானம்” என்றார் பிரசிடெண்ட், அதில் ஒரு குறையும் காணாமல்.

கடைக்காரர் எங்கள் மூன்று பேரையும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, எல்லாக் கேமராவுக்கும் பொருந்தும் என்று ஒரு புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். பாதிக்கு மேல் காட்டில் புலியைப் படம் எடுப்பது எப்படி என்று இருந்தது. கொழிஞ்சாம்பாறையில் புலிக்கு எங்கே போவது? மயில் வேண்டுமானால் தென்னந்தோப்புக்குத் தோப்பு மேயும். ஆனாலும் அதற்கும் முன்னுரை இருந்தது, கனமும் பரவாயில்லை.

மூன்றாவது, என்னுடையது. சந்தைக்கு வந்திருந்த கோயம்புத்தூர்க் கடை ஒன்றில் போட்டோ திருத்துவது பற்றித் தமிழில் ஒரே ஒரு புத்தகம் இருந்தது. மெலிசானது, முன்னுரையும் கிடையாது. நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு வேண்டும் என்று தெரிந்தால் ராவுத்தர் வேண்டுமென்றே மறுப்பார் என்று எனக்குத் தெரியும். சும்மா எடுத்துப் புரட்டுவதுபோல் பிரசிடெண்டிடம் நீட்டினேன். அவர் சரியாக அந்தப் பக்கத்தைத் திறந்து தொலைத்தார். மேலே ஒரு படத்தில் இரண்டு பேர் நிற்கிறார்கள், கீழே அதே படத்தில் ஒருவர்தான் நிற்கிறார். இன்னொருவர் நின்ற இடத்தில் சுவர் இருக்கிறது.

பிரசிடெண்ட் முகம் ஆபத்தைக் கண்டதுபோல் மாறிவிட்டது. “இது அபகடமாணு. நாள இவருடெ ஆளுகள் விழாப் படத்திலிருந்து எங்கட நேதாவ மாய்ச்சுக் களயும்.”

“ஆரு, நாங்களா?” என்றார் ராவுத்தர். “உங்காளுக அழிச்சுப்போட்டு எங்க மேல சொல்லுவீங்க. இந்தப் புத்தகம் வேண்டாமுங்க.”

வாயனசாலை ஆரம்பித்ததிலிருந்து ஒரு புத்தகத்தை வேண்டாம் என்பதில் அவர்கள் இரண்டு பேரும் ஒத்துப்போனது அன்றைக்குத்தான். அட கெரகமே, இவர்கள் சேராமல் இருந்தபோதே நன்றாக இருந்தது என்று நினைத்தேன். பிறகு வாயைத் திறந்தேன்.

“ஏனுங், வெளியில எவனாச்சும் இந்தப் புத்தகத்தைப் படிச்சுப்போட்டு உங்க நேதாவை அழிச்சா, அழிச்சிருக்கறான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? திருடன் எப்படிப் பூட்டை ஒடைக்கறான்னு தெரியாம பூட்டு வாங்கி என்ன பண்றது?”

ராவுத்தர் புத்தகத்தைக் கையில் தூக்கிப் பார்த்தார். “கனமே இல்லீங்களே” என்றார் வருத்தத்தோடு. கடைசியில் பிரசிடெண்ட் ஒரு நிபந்தனை போட்டார். வாங்கலாம், ஆனால் உள்ளே இருக்கிற ஒவ்வொரு படத்தின் மேலும் வாயனசாலை முத்திரை விழ வேண்டும்.

அது எங்கள் பழைய வழக்கம். புத்தகங்களிலிருந்து படங்களை மட்டும் யாராவது கிழித்துக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் படம் இருந்தால் அதன் நடுவில் ஊதா மையில் வட்ட முத்திரை குத்துவோம். கதைப் புத்தகத்துக்கு அது சரி. இந்தப் புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் படம். பிரசிடெண்ட் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, ராவுத்தர் பக்கம் திருப்ப, என் கையாலேயே நான் குத்தினேன். திருத்துவதற்கு முன், ஒரு முத்திரை. திருத்திய பின், ஒரு முத்திரை. படத்தில் விழுந்த கறையை எடுப்பது எப்படி என்று ஒரு பாடம் இருந்தது, அந்தக் கறையின் மேலேயும் ஒன்று.

புத்தகங்கள் வந்தாயிற்று. மூன்றையும் வாசித்துவிட்டதாகப் பிரசிடெண்ட் தானே அறிவித்தார், அரக்கு உடைந்தது. கேமராவில் நான்கு பட்டன்தான் இருந்தன, புத்தகத்திலிருந்த கேமராவில் மேலும் கீழுமாக எங்கே பார்த்தாலும் பட்டன். கம்ப்யூட்டர் திரை தாழ்வாக இருந்து என் கழுத்து வலித்தது. உள்பாகங்களைப் பற்றிய அந்தக் கனமான புத்தகத்தை அதற்கு அடியில் வைத்தேன், கழுத்துவலி நின்றது. ராவுத்தர் சொன்னது சரி, அதில் விசயம் இருந்தது.

நான் மத்தியானங்களில் ராவுத்தரைத் தவிர ஆள் இல்லாத நேரம் பார்த்து உட்கார்ந்து படித்தேன். எது முன், எது பின் என்று முத்திரைக்கு வெளியே தெரிகிற காது, செருப்பு இவற்றை வைத்துக் கண்டுபிடித்தேன். ஸ்கேன் செய்து பென்டிரைவில் வாங்கிவந்த படத்தைத் திறந்து, ராவுத்தரை நகத்தளவு நகத்தளவாக அழித்தேன். முதலில் வடை போயிற்று. பிறகு வாய், தாடி, தொப்பி. அவருடைய சட்டையை எடுத்த இடத்தில் பக்கத்துச் சுவரைக் கொண்டுவந்து ஒட்டினேன். பல நாள் வேலை. பக்கத்து மேசையில் அவர் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்க, இங்கே அவரை அழிப்பது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் ஃபேனை நிறுத்தச் சொல்லி அவர் சத்தம் போட்டதும் அந்தக் கூச்சம் போய்விடும்.

ஒரு நாள் ராவுத்தர் ஓசையில்லாமல் பின்னால் வந்து நின்றுவிட்டார்.

“ஏனுங் அம்மிணி, என்னையக் காணமே?”

அவர் கோபப்படவில்லை. குனிந்து திரையைப் பார்த்தார். தோள் போன பிறகு என் வீட்டுக்காரரின் கை, பஸ்ஸில் கம்பியைப் பிடித்ததுபோல் அந்தரத்தில் நின்றது. பக்கத்தில் வெறும் சுவர். அதற்கு முன்னால் தனியாக நின்று வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“பைத்தியம் புடிச்சவனாட்ட இருக்கறானுங்களே” என்றார் ராவுத்தர்.

எனக்குச் சுருக்கென்றது. உண்மையைச் சொன்னதால் இன்னும் கோபம் வந்தது. “நீங்க வாயில வடை இல்லாம நின்னிருந்தா நான் எதுக்கு உங்களை அழிக்கறேன்? அப்படி என்ன நோம்பு விட்ட பசி?”

“அந்த வடையே அவன் எடுத்துத் திணிச்சதுங்க.”

“சரி, அவரு இப்படிச் சிரிக்கறாப்ல என்னத்தைச் சொன்னீங்க?”

“நா எங்கீங்க சொன்னேன்? வாய் நெறைய வடை. அவந்தான் சொன்னான்.” ராவுத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “‘ராவுத்தரே, வெரசா முழுங்கு, எம் பொண்டாட்டி பாத்துட்டா’ன்னான்.”

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்கு வடைப் பாத்திரத்துக்குக் காவல் நான். பேச்சாளர்கள் பேசி முடித்த பிறகே கொடுக்க வேண்டும் என்று கமிட்டித் தீர்மானம். மேடைக்குப் பக்கவாட்டில் கரண்டியும் கையுமாக நின்று, திருடித் தின்கிற இந்த இரண்டு பேரையும் எரித்துவிடுவதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன். போட்டோ எடுக்கிறவன் எனக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தான்.

“கண்ணைப் பாருங்க” என்றார் ராவுத்தர். “கேமராவையா பாக்கறான்?”

பார்த்தேன். எத்தனை நாள் அந்த முகத்தைப் பெரிதாக்கி, மயிர் மயிராகச் சுத்தம் செய்தேன். கண் எங்கே போகிறது என்று பார்க்கவில்லை. அவர் கேமராவைப் பார்க்காமல், அதற்குப் பக்கத்தில் நிற்கிற யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ராவுத்தர் நகர்ந்துபோய் அவராகவே ஃபேனைப் போட்டுவிட்டு, பறக்கிற பேப்பரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

திருத்தாத படம் பென்டிரைவில் அப்படியே இருந்தது. அதைத்தான் பெரிதாகப் போட்டு மாட்டியிருக்கிறேன், ராவுத்தரோடு, வடையோடு. ராவுத்தர் உயிரோடு இருக்கிறவர் என்பதால் மாலையை என் வீட்டுக்காரர் பக்கம் மட்டும் ஒதுக்கிப் போட்டிருக்கிறேன். வருகிறவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு கும்பிடுகிறார்கள். சாயந்திரம் விளக்கு வைத்துவிட்டு நான் படத்துக்கு நேரே நிற்பதில்லை. வடைப் பாத்திரம் இருந்த பக்கமாகக் கொஞ்சம் தள்ளி நிற்கிறேன்.